சர்க்கரை நோயாளிக்கு முன்தோல் அறுவை: தில்லைநகர் மருத்துவமனை ஒன்றின் மதிப்பீடு

திருச்சி தில்லைநகரில் ஒரு கிராஸ் தெருவுக்குள் இருக்கும் சிறுநீரகவியல் மருத்துவமனையில் போன வருடக் கடைசியில் எனக்கு ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு வயது 48. காப்பீட்டு முகவர் வேலை. பகல் முழுக்க வண்டியில் லால்குடி, சமயபுரம், மண்ணச்சநல்லூர் என்று சுற்றுகிறவன். சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். ஒரே ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்து ஒரு பெயரைத் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. ஆனால் அங்கே என்ன செய்தார்கள், எதைக் கோட்டைவிட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த அறுவையைப் பற்றித் தமிழில் தேடினால் ஒன்று விளம்பரம் வருகிறது, இல்லையென்றால் மதச் சண்டை வருகிறது. நாற்பது ஐம்பது வயதில் சர்க்கரையால் தோல் இறுகிப்போய், யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரில் சர்க்கரை இறங்கும். முன்தோலுக்கு அடியில் ஈரமும் சர்க்கரையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அரிப்பு, சிவப்பு, வெள்ளையாகப் படிவு, தோல் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. வெடிப்பு ஆறும், தழும்பாகும், மறுபடி வெடிக்கும். தழும்பு ஏற ஏறத் தோல் சுருங்கிக் கடைசியில் பின்னால் தள்ளவே முடியாமல் போகும். இதைத்தான் பைமோசிஸ் என்கிறார்கள். எனக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை. அந்த வகை மாத்திரைகள் வேலை செய்யும் விதமே ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அதன் தெரிந்த பக்கவிளைவு, மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இந்தியாவில் 2020-இல் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை சரிந்தது, இன்று ஊர் ஊராக எழுதிக்கொடுக்கிறார்கள். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அப்படியென்றால் இந்தத் தொல்லையோடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கூச்சப்படாமல் இந்தத் தொந்தரவைச் சொல்லுங்கள், அது போதும்.

தில்லைநகருக்குப் போகும் முன் வேறோர் இடத்திலும் விசாரித்தேன். ஃபேஸ்புக்கில் "பத்து நிமிடம், வலி இல்லை, தையல் இல்லை, அடுத்த நாளே வேலை" என்று விளம்பரம் போடும் இடம். எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒரு பெண் பேசினார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். ஸ்டேப்ளர், லேசர் இரண்டும் சேர்ந்த பேக்கேஜ், 45,000 ரூபாய், இன்றே பதிந்தால் தள்ளுபடி. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. நானாகச் சொன்னபோதும் "பிரச்சினை இல்லை சார், அன்னைக்கு டாக்டர் பாத்துக்குவார்" என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். "அன்னைக்கு யார் டியூட்டியோ அவங்க சார்." நான் பதியவில்லை.

தில்லைநகர் டாக்டர் முதல் சந்திப்பில் கத்தியைப் பற்றியே பேசவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை உண்டா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமானதா, ஏதாவது மருந்து ஒவ்வாமல் போயிருக்கிறதா, புகை பிடிப்பேனா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், "விறைப்பு எப்படி இருக்கு, பழையபடி இருக்கா?" என்றும் கேட்டார். இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சர்க்கரை நோயால் ஏற்கெனவே விறைப்பு குறைந்திருப்பவர்கள், அறுவைக்குப் பின் அதைக் கவனித்துவிட்டு அறுவையால்தான் போச்சு என்று வந்து நிற்பார்கள், அதனால் முன்னாடியே பேசிவிடுவேன் என்றார். நேர்மையான ஆள் என்ற எண்ணம் அங்கேயே விழுந்தது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) பார்த்ததில் 9.2 சதவீதம். "எட்டுக்குக் கீழே கொண்டுவாங்க, அப்புறம் செய்வோம். இது அவசர ஆபரேஷன் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். அதுவரைக்கும் பூஞ்சைக்கு ஒரு களிம்பு, தோல் இளகுவதற்கு ஸ்டீராய்டு களிம்பு. சின்னப் பையன்களுக்கு ஸ்டீராய்டு களிம்பிலேயே நிறைய சரியாகிவிடும், பெரியவர்களுக்கும் இறுக்கம் கொஞ்சமாக இருந்தால் அறுவை இல்லாமல் தப்பிக்கலாம், ஆனால் தழும்பு விழுந்த தோலில் பலன் குறைவு, முயற்சி செய்து பார்த்துவிடுவோம் என்றார். பலன் இல்லை. சர்க்கரை டாக்டரிடம் ஒரு கடிதம் கொடுத்து டாபாவை மாற்றச் சொன்னதும் இவர்தான். அந்த வகை மாத்திரையை எப்படியும் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம். உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் ஆபத்து உண்டு என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2020-இல் அப்படி அறிவுறுத்தியிருக்கிறது. இந்த இழுபறியில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் போனது. ஒரு மருத்துவமனை கையில் வந்த வருமானத்தை இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. என் மதிப்பெண்ணில் பாதி இதற்கே.

அடுத்து எந்த முறை என்ற பேச்சு. விளம்பரங்கள் முழுக்க இதைப் பற்றியே இருப்பதால் எனக்கும் இதில்தான் குழப்பம். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கத்தியால் வெட்டித் தையல் போடுவது பழைய முறை. ஸ்டேப்ளர் என்பது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவி. ஆணுறுப்பின் நுனியான மொட்டின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதன் மேல் தோலை இழுத்துக் கட்டி, ஒரே அழுத்தில் சுற்றிலும் வெட்டி, ஓரத்தில் ஸ்டேப்ளர் பின்களையும் அடித்துவிடும். நேரம் மிச்சம், ரத்தம் குறைவு, ஓரம் சீராக இருக்கும். இதெல்லாம் உண்மைதான் என்றார். ஆனால் பின்கள் தானாக உதிர வேண்டும், சிலருக்கு உதிராமல் புதைந்துகொண்டால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிவரும், அது நோகும். லேசர் என்பது வெட்டும் கருவி மட்டுமே. வெட்டிய ஓரங்களைச் சேர்க்க எப்படியும் தையலோ பின்னோ வேண்டும். எனக்குத் தோல் தடித்து, மொட்டோடு சில இடங்களில் ஒட்டியும் இருந்ததால், பின்கள் சரியாகப் பிடிக்காமல் போகலாம், கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டித் தைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்றார். ஸ்டேப்ளர் செய்தால் அவருக்குப் பில் அதிகம். அதை விட்டுவிட்டுக் குறைந்த செலவுள்ளதைச் சொன்னார்.

வெட்டி எடுத்த தோலைப் பயாப்சிக்கு (நோய் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டார். நீண்டகாலப் பைமோசிஸ் இருப்பவர்களுக்கு ஆணுறுப்புப் புற்றுநோய் ஆபத்து கூடுதல். அதோடு லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல்நோயும் வெள்ளைத் தழும்பாக இதே மாதிரித்தான் இருக்கும். அது சிறுநீர்த்துளையையும் இறுக்கிவிடக்கூடியது, அறுவைக்குப் பிறகும் கண்காணிக்க வேண்டியது. பேக்கேஜ் இடத்தில் பயாப்சி என்ற வார்த்தையே வரவில்லை.

எவ்வளவு பாதுகாப்பு என்று நானும் தேடிப் படித்தேன். பெரியவர்களுக்கு இந்த அறுவை செய்து, முறையாகக் கணக்கு வைத்தது ஆப்பிரிக்காவில்தான். எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்குமா என்று பார்க்க மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவில் கிசுமு, உகாண்டாவில் ரக்காய். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று அதிகமுள்ள நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அதற்குப் பின் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 2.5 கோடிக்கும் அதிகமான ஆண்களுக்குச் செய்துவிட்டார்கள். அந்த மூன்று ஆய்வுகளிலும் அறுவையால் வந்த சிக்கல்கள் 1.5 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதம் வரை. பெரும்பாலும் ரத்தக்கசிவு, தொற்று, வீக்கம் போன்ற, சிகிச்சையில் சரியாகிவிடுகிறவை. கிசுமு, ரக்காய் இரண்டு இடத்திலும் தாம்பத்திய சுகம் குறைந்ததா என்றும் கேட்டார்கள். செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

படிக்கும்போது மனசுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் கிசுமுவிலும் ஆரஞ்சு ஃபார்மிலும் கலந்துகொண்டவர்கள் 18 முதல் 24 வயது இளைஞர்கள், நோயில்லாத தோல் உள்ளவர்கள், பயிற்சி பெற்ற குழு, கண்டிப்பான மறுபரிசோதனை. ஐம்பதை நெருங்கும் சர்க்கரைக்காரரின் தழும்பேறிய தோலுக்கு அதே எண்ணிக்கையை நம்பி உட்கார முடியாது. அந்த நாடுகளில் சிக்கல் குறைந்ததற்குக் காரணமே முன்னும் பின்னும் இருந்த ஒழுங்குதான். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆப்பிரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில், ஆணாகும் சடங்குக்காக ஊருக்கு வெளியே வைத்து முன்தோல் வெட்டப்படும் இளைஞர்கள் வருடாவருடம் இறக்கிறார்கள். இறுகக் கட்டிய கட்டு, சீழ், தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பது. 2021-இல் அதற்கென்றே அங்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. உகாண்டா உள்ளிட்ட நாடுகளில், வளையம் மாட்டித் தோலை உலரவிட்டு எடுக்கும் பிரெப்பெக்ஸ் கருவிக்குப் பின் சிலருக்கு டெட்டனஸ் வந்து உயிரே போனது. அதனால்தான் தடுப்பூசி நிலவரத்தைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. எனக்கு இங்கே டி.டி. ஊசி போட்ட பிறகுதான் தேதி கொடுத்தார்கள்.

அறுவை நாளில் முதல் குறை வரவேற்பு மேசையிலேயே. கூட்டம் நிற்கும்போது அந்தப் பெண் "என்ன ஆபரேஷன் சார், சர்கம்சிஷனா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவைத்தால் தீர்ந்துபோகிற விஷயம். சிறுநீரகவியலுக்கென்றே மருத்துவமனை நடத்துகிறவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். கூச்சத்தாலேயே வருடக்கணக்கில் வராமல் இருப்பவர்கள் இப்படி ஒரு கேள்வியில் படியிறங்கிப் போய்விடுவார்கள்.

உள்ளே போனால் எல்லாம் வேறு. மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போகும் ஊசி மட்டும். உறுப்பின் அடிப்பகுதியில் மேல்பக்கம் இரண்டு பக்கமும், அப்புறம் சுற்றிலும். அந்த ஊசிதான் உண்மையான வலி. அதை மறைக்காமல் "இது மட்டும் எரியும், பல்லைக் கடிச்சுக்குங்க" என்று முன்கூட்டியே சொன்னார். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைத்தான் அங்கே போட வேண்டும். கலந்ததைப் போட்டால் ரத்தக்குழாய் சுருங்கி ஆபத்து வரலாம். சிஸ்டர் மருந்துக் குப்பியைக் காட்டி, பெயரை உரக்கப் படித்து, டாக்டர் தலையசைத்த பிறகே ஊசியில் ஏற்றினார். சில நிமிடம் பொறுத்துக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்கள். நாற்பது நிமிடம் போல ஆனது. இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது ஒரு கருகல் வாடை வந்தது, அது மட்டும் கொஞ்சம் கலங்கடித்தது. தானாகக் கரையும் தையல். மருந்து தடவிய வலைத்துணி சுற்றி, மேலே பஞ்சுத்துணி வைத்து, உறுப்பு வயிற்றுப் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி கட்டினார்கள். கீழே தொங்கவிட்டால் வீக்கம் கூடுமாம். ஒருமுறை சிறுநீர் போனதைப் பார்த்த பிறகுதான் சாயங்காலம் வீட்டுக்கு விட்டார்கள்.

அன்று ராத்திரிதான் இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணின் மீதிப் பாதி முடிவானது. பதினோரு மணிக்கு மேல் கட்டுத்துணியில் சிவப்பு பரவியது. டிஸ்சார்ஜ் தாளில் கையால் எழுதியிருந்த எண்ணுக்கு அடித்தேன், டியூட்டி டாக்டர் உடனே எடுத்தார். கறை எவ்வளவு பெரிசு, பரவிக்கொண்டே இருக்கிறதா, சொட்டுகிறதா என்று கேட்டுவிட்டு, "கட்டைப் பிரிக்காதீங்க சார். சுத்தமான துணியை மேலே வச்சு, கையால சுத்திப் பிடிச்சு பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. துணி நனைஞ்சா கிளம்பி வந்துடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். நின்றுவிட்டது. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு விசாரித்தார். அந்த ராத்திரியில் "எண் உபயோகத்தில் இல்லை" என்று வந்திருந்தால் என் மனைவி என்ன பாடுபட்டிருப்பாள் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

குணமாகும் கதை விளம்பரத்தில் வருவது போல் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் வலி மாத்திரையில் அடங்கியது. பகலில் பரவாயில்லை. விடியற்காலையில் தூக்கத்தில் தானாக வரும் விறைப்புதான் சோதனை. தையல் இழுபடும். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் அடங்கும். ராத்திரி படுக்கும் முன் தண்ணீரைக் குறைப்பதும் உதவியது. வீக்கம் முதல் வாரக் கடைசியில்தான் உச்சத்துக்குப் போனது. அடிப்பக்கம் நுங்கு மாதிரி உப்பியிருந்தது. பார்த்தால் கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும், ஆனால் அப்படித்தான் இருக்கும், மெல்ல வடியும். மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் வரும். அது சீழ் இல்லை, ஆறும் தோலின் படலம், சுரண்டக்கூடாது. இதைக் கட்டு மாற்றும் தம்பி பொறுமையாக விளக்கினார். இவ்வளவு நல்ல விஷயம் டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் நோயாளி வருகிற இடத்தில் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்? இதைக் கருத்துப் பெட்டியிலும் எழுதிப் போட்டேன்.

ஜட்டி போட முடியாது, கைலிதான். அதுவும் உரசும், ஏனென்றால் இத்தனை வருடம் மூடியிருந்த மொட்டுக்குத் துணி பட்டாலே கூசும். பார்க்க வந்த என் நண்பர் உமர் பாய் ஒரு வழி சொன்னார். அவருக்குச் சின்ன வயதில் சுன்னத் செய்தபோது, படுத்திருக்கும் இடத்துக்கு மேலே உத்திரத்திலிருந்து கயிறு கட்டிக் கைலியைத் தூக்கிவிட்டிருந்தார்களாம். "அதே மாதிரி ஒண்ணு பண்ணுங்க அண்ணே, காத்தும் வரும், துணியும் படாது." ஃபேன் கொக்கியில் கயிறு கட்டிக்கொண்டு படுத்தேன். எந்தத் தாளிலும் எழுதாத யோசனை, முதல் வாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கவைத்தது. மொட்டின் கூச்சம் குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

வேலைக்கு "அடுத்த நாளே" போகலாம் என்பதெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் நடக்கலாம். வண்டி ஓட்டுகிறவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும், நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களும் இரண்டு வாரமாவது ஒதுக்கிவையுங்கள். நான் மூன்றாவது வாரத்தில்தான் வண்டியைத் தொட்டேன், அதுவும் பக்கத்துத் தெரு வரைக்கும்.

இரண்டாம் வாரத்தில் அடிப்பக்கம் ஒரு தையல் முன்கூட்டியே கரைந்து, சின்னதாக ஒரு பிளவு தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது நடக்கக்கூடியது. டாக்டர் திரும்பத் தைக்கவில்லை. தைத்தால் உள்ளே அழுக்கு அடைபடும், திறந்தே ஆறட்டும் என்றார். கட்டு மாற்றுவதும், வீட்டில் குளுக்கோமீட்டரில் காலையும் ராத்திரியும் சர்க்கரை பார்த்து வாட்ஸப்பில் அனுப்புவதுமாக ஒரு வாரம் நீண்டது. ஆறியபின் அந்த இடம் மட்டும் லேசாக மேடாக இருக்கிறது, தொந்தரவு ஏதும் இல்லை. இந்தக் கூடுதல் வருகைகளுக்கு டாக்டர் கட்டணம் வாங்கவில்லை, கட்டுத்துணிக்கு மட்டும் வாங்கினார்கள்.

தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் தடை. உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. பார்க்க ஆறினது போல் இருந்தாலும் உள்ளே தோல் முழுசாகச் சேர்ந்திருக்காது, அதற்குள் ஈடுபட்டால் பிரியும், தொற்றும் சுலபமாக ஏறும். அறுவைக்கு முன்பே டாக்டர் என் மனைவியையும் உட்காரவைத்து இதைச் சொன்னார். அவளுக்கும் அரிப்புத் தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டு, மகளிர் மருத்துவரிடம் அனுப்பி வைத்தியம் பார்க்கவைத்தார். ஆணுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் பூஞ்சை இங்குமங்கும் போய்வந்துகொண்டே இருக்குமாம். ஆறு வாரத்துக்குப் பின்? வலி இல்லை. முன்பு ஒவ்வொரு முறையும் தோல் வெடித்து ரத்தம் தெரியும், அது அடியோடு போய்விட்டது. உணர்ச்சி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, முன்போல் இல்லாமல் வேறு மாதிரி இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். சிறுநீர் நேராகப் போகிறது, உள்ளே தேங்கி எரிவதில்லை. இந்த வயதில் இந்த நிம்மதிக்கு நான் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கே செய்துகொண்டாலும், அழுத்தியும் நிற்காத ரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பது, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் சீழ், மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவைக்கு முன் இருப்பவர்களுக்கும் ஒன்று: பின்னால் தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல் மொட்டுக்குக் கீழே இறுகிக்கொண்டால் அது அவசரம், ராத்திரியானாலும் ஓட வேண்டும். பணம் இல்லை என்று யாரும் தள்ளிப்போடவும் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் பொது அறுவைப் பிரிவிலேயே இதைச் செய்கிறார்கள், செலவில்லை. காத்திருக்க வேண்டியிருக்கும், தனிமை குறைவு, ஆனால் வெட்டித் தைக்கும் முறையில் கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பயாப்சி முடிவு பத்து நாள் போல் கழித்து வந்தது. நாள்பட்ட அழற்சி, தழும்பு, புற்றுநோய் அறிகுறி இல்லை. டாக்டரே போனில் கூப்பிட்டுச் சொன்னார், பேப்பரை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

மொத்தச் செலவு பயாப்சி, மருந்து எல்லாம் சேர்த்து 27,400 ரூபாய். தையலுக்கு இது இந்த ஊரில் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் முதலிலேயே எழுதிக் கொடுத்த தொகையைத் தாண்டி ஒரு ரூபாய் ஏறவில்லை. காப்பீட்டைப் பற்றி என் தொழில் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் சுன்னத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும், ஆனால் "நோய்க்கான சிகிச்சையாகத் தேவைப்பட்டால் தவிர" என்று அதே வரி தொடரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே "சர்கம்சிஷன்" என்று மட்டும் எழுதிவிட்டால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். பைமோசிஸ், திரும்பத் திரும்ப வந்த மொட்டழற்சி, களிம்பு கொடுத்தும் பலனில்லை, ஆகையால் அறுவை என்று காரணம் தெளிவாக இருக்க வேண்டும், பழைய ஓ.பி. சீட்டுகளையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கூடவே வையுங்கள். ஒரு ராத்திரி தங்காவிட்டாலும் டே கேர் சிகிச்சையாக ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மருத்துவமனையில் கேட்டதும் டாக்டர் தனிக் கடிதமே எழுதிக் கொடுத்தார். எனக்குப் பணம் வந்துவிட்டது, கையுறை, பஞ்சு, கட்டுத்துணிக் கணக்கில் 2,300 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.